கண்ணில் தங்கும் மருந்து

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம்மவர் வழக்கம். இவ்வாண்டு மருந்துத் துறையைச் சார்ந்த ஒருவனும் பேசட்டும் என்று செயற்குழுவினர் பணித்தனர். ஆகவே, கண்ணுக்கு இடும் சொட்டு மருந்தைப் பற்றியும், அதனைக் கண்ணிலேயே நெடுநேரம் தங்க வைப்பதற்கு விஞ்ஞானிகள் செய்துவரும் முயற்சியைப் பற்றியும் சில சொல்ல விழைகின்றேன். இலக்கியத்தை அறவே கைவிட்டுவிட்டேன் என்று தமிழன்பர்கள் வருந்த வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் இந்தத் திருப்பதிக்கு அண்மையில்தான் திருக்காளத்தி இருக்கின்றது. கண்ணைப் பற்றிப் பேசுகின்றவன் கண்ணப்பரை மறந்து பேச இயலாது.

காளத்திநாதரின் கண்ணில் குருதி வழியக் கண்ட திண்ணனார், எடுத்த எடுப்பிலேயே தம் கண்ணைத் தோண்டி அப்பிவிடவில்லை. வேடர்கள் அறிந்த பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து, பிழிந்து, அக்கண்ணில் வார்த்துப் பார்த்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. குருதி நிற்கவில்லை. அதன் பின்னரே ஊனுக்கு ஊனே மருந்து என்னும் எண்ணம் அவருக்கு வந்தது. அன்பின் எல்லையைக் காட்டும் அவ்வரலாற்றில், மருந்துத் துறையில் உள்ளவன் மனம் அந்தப் பச்சிலைச் சாற்றிலும் சற்றே நின்றுவிடுகின்றது. கண்ணில் வார்த்த மருந்து வழிந்தோடிவிடும் என்பது இன்று நேற்று ஏற்பட்ட கவலையன்று. நம் சித்த மருத்துவர்கள் கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என வகுத்தார்கள். அவற்றுக்கு நீராக விடும் மருந்தோடு நில்லாமல், மை என்றும் அஞ்சனம் என்றும் குழைத்து இடும் மருந்துகளையும் வைத்திருந்தார்கள். குழைத்து இட்டது நீரைப் போல் உடனே ஓடிவிடாதன்றோ?

கண், வெளியிலிருந்து வரும் எதனையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் உறுப்பன்று. தூசி விழுந்தால் இமை மூடுகிறது, நீர் சுரக்கிறது, சுரந்த நீர் தூசியை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தூசி வேறு, மருந்து வேறு என்று பிரித்தறியும் பழக்கம் அதற்கு இல்லை. இதனைச் சில கணக்குகளால் விளக்கலாம். ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரோலிட்டர் என்று பெயர். நம் ஒரு கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். இமைகளுக்கு இடையே மிகுதியாக அடங்கக் கூடியது ஏறத்தாழ 30. குப்பியிலிருந்து விழும் ஒரு துளியோ 30 முதல் 50 வரை இருக்கும். ஆகவே, துளி விழுந்த அக்கணமே அதன் ஒரு பகுதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. எஞ்சியதை இமைகள் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை கொட்டி, மூக்கின் பக்கமுள்ள சிறு துளைக்குத் தள்ளுகின்றன. அத்துளையின் வழியே மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. கண்ணுக்கு மருந்து விட்டால் தொண்டை கசக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இட்ட மருந்தில் கண்ணின் உள்ளே சென்று சேர்வது நூற்றுக்கு ஐந்து பங்கினும் குறைவு என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

எஞ்சிய தொண்ணூற்றைந்து பங்கு வீணாவதோடு நிற்பதில்லை. மூக்கின் உட்தோல் வழியே அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. கண்ணழுத்த நோய்க்கு இடும் டைமோலால் என்னும் மருந்து இவ்வாறு கலந்து, ஆஸ்துமா உடையவர்க்கு மூச்சுத் திணறலையும், இதயம் நலிந்தவர்க்கு நாடித் தளர்ச்சியையும் உண்டாக்கக் கூடும். ஒரு துளிதானே என்று நாம் எண்ணுவது எவ்வளவு தவறு பாருங்கள்!

மருந்து தங்காததனால் என்ன செய்கிறோம்? திரும்பத் திரும்ப விடுகிறோம். இங்கேதான் உண்மையான துன்பம் தொடங்குகிறது. சித்தூர்ப் பகுதியில் கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் விளைகின்றன. கரும்புத் தோகையின் விளிம்பு அரம் போன்றது. வெட்டும்போது அது கருவிழியில் கீறிவிடுவதுண்டு. நெல் தூற்றும்போது உமி தெறித்துக் குத்துவதுண்டு. அக்கீறலின் வழியே காளான் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைக் கிருமிகள் புகுந்தால் கருவிழியில் புண் உண்டாகிறது. தென்னாட்டின் உழவர்கள் பார்வை இழப்பதற்கு இப்புண் ஒரு பெருங்காரணம். நாட்டாமைசின் என்னும் சொட்டு மருந்தே இதற்கு முதன்மையானது. அரவிந்த் கண் மருத்துவமனைகளும் காலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி, விலைமிக்க புதிய மருந்தாகிய வோரிகோனசோலைவிட இப்பழைய மருந்தே நற்பயன் தந்தது என்று 2013-இல் வெளியிட்டனர். அவ்வாய்வில் முதல் வாரம் முழுவதும், விழித்திருக்கும் நேரமெல்லாம், மணிக்கு ஒரு முறை மருந்து விடப்பட்டது.

மணிக்கு ஒரு முறை என்று எழுதுவது எளிது. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை என்று கொண்டால் நாளொன்றுக்குப் 16 முறை. வாரத்துக்கு 112 முறை. கண்ணில் புண் உள்ளவர் தாமே தம் கண்ணில் விட்டுக்கொள்வது கடினம். அவர் மனைவி கூலி வேலைக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். மகள் பள்ளிக்குப் போகாமல் நின்றால்தான் குப்பியைப் பிடிக்க ஓர் ஆள் கிடைக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆகும்போது மணிக்கு ஒரு முறை என்பது நாளைக்கு நான்கு முறையாகச் சுருங்கிவிடுகிறது. மருந்து நல்ல மருந்து. மருத்துவரும் நல்ல மருத்துவர். ஆயினும் கண் போய்விடுகிறது. ஏன்? மருந்து தங்கவில்லை, தங்காத மருந்தை மீண்டும் மீண்டும் விடுவதற்கு அவ்வீட்டில் ஓய்வாக ஒரு கை இல்லை.

நம் காலனியில் கரும்பு வெட்டுவார் இல்லை. ஆனால் கண்ணழுத்த நோய் நம்மிடையேயும் உண்டு. இது வலியின்றி, சிவப்பின்றி, பார்வையின் ஓரங்களை மெல்ல மெல்லத் தின்றுவிடும் நோய். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் மக்களிடையே நடந்த கணக்கெடுப்புகளில், இந்நோய் உள்ளவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே இருந்தனர். அறிந்தவர் வாழ்நாள் முழுவதும் மருந்து விட வேண்டும். இழந்த பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கலாம், அவ்வளவே. பிள்ளைகள் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் வேலை பார்க்க, இங்கே தனித்திருக்கும் முதியோர் நடுங்கும் கையால் குப்பியைக் கவிழ்க்கும்போது, துளி நெற்றியில் விழுந்ததா, கண்ணில் விழுந்ததா என்று யார் பார்ப்பது?

இந்தத் துன்பத்தைத் தீர்க்க விஞ்ஞானிகள் பல வழிகளை முயன்றனர். களிம்பு தங்கும், ஆனால் பார்வையை மறைக்கும். 1974-இல் அமெரிக்காவில் ஆக்குசெர்ட் என்னும் மெல்லிய தகடு ஒன்று அனுமதி பெற்றது. இமைக்கு அடியில் செருகி வைத்தால் அது ஏழு நாள் வரை பைலோகார்ப்பின் மருந்தைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருக்கும். அரிய வேலைப்பாடுதான்! ஆயினும் செருகுவது முதியோர்க்கு எளிதாயில்லை. உறங்கும்போது நழுவி விழுந்ததும் உண்டு. நாளடைவில் அது வழக்கொழிந்தது. நோயாளியின் கைக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் எவ்வளவு நுட்பமான மருந்தும் நிலைக்காது என்னும் பாடத்தை அது விட்டுச் சென்றது.

அதன் பின்னர் வந்த எண்ணமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். குப்பியில் இருக்கும்போது நீராக இருக்க வேண்டும். கண்ணில் விழுந்தவுடன் கூழாகி இறுக வேண்டும். இறுகிய கூழிலிருந்து மருந்து மெல்லக் கசிய வேண்டும். நீரைப் போல் எளிதில் விடலாம். களிம்பைப் போல் தங்கும். இத்தகைய கூழை ஜெல் என்பர். கண்ணில் விழுந்தபின் ஒரு திரவம் கூழாவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது வெப்பம். போலாக்சமர் 407 என்னும் பொருளைத் தக்க அளவில் நீரில் கரைத்துக் குளிரில் வைத்தால் நீராக ஓடும். வெப்பம் பட்டால் கூழாகும். மீண்டும் குளிர்வித்தால் நீராகும். வெல்லப்பாகு சூட்டில் இளகி, ஆறியபின் இறுகும். இது அதற்கு நேர்மாறு. இரண்டாவது புளிப்பு மாற்றம். கார்போபால் என்னும் பொருள் புளிப்புத் தன்மையுள்ள நீரில் நெகிழ்ந்திருக்கும். புளிப்பற்ற கண்ணீரோடு கலந்தவுடன் தடிக்கும். மூன்றாவது உப்பு. நம் கண்ணீரில் சோடிய உப்பும் சிறிது சுண்ணச்சத்தும் உண்டு. ஜெல்லான் என்னும் பிசின் அவ்வுப்பைக் கண்டவுடன் இறுகும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும், அச்சுண்ணச்சத்தோடு சேர்ந்து அவ்வாறே இறுகும். இந்தப் பழுப்புக் கடற்பாசி நம் இராமேசுவரம், மண்டபம் கடலோரங்களில் கிடைப்பதே.

இவை ஏட்டோடு நின்றுவிட்டவையல்ல. டைமோலாலை ஜெல்லான் பிசினில் கலந்த சொட்டு மருந்து 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளைக்கு இரு முறை விட வேண்டிய மருந்து ஒரு முறையாயிற்று. கூழாகும் டைமோலால் துளிகள் இப்போது நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. கிருமியைக் கொல்லும் அசித்ரோமைசின் என்னும் மருந்தைப் பசைத் தன்மையுள்ள துளியாக்கி 2007-இல் அங்கே அனுமதித்தனர். முதல் இரண்டு நாள் இரு முறையும், பின் ஐந்து நாள் ஒரு முறையுமாக அது விடப்படுகிறது.

நம் மண்ணுக்குரிய ஒரு பொருளையும் இங்கே சொல்ல வேண்டும். சித்தூர் மாவட்டத்தின் சாலையோரங்களில் நிற்கும் புளியமரங்களை நீங்கள் அறிவீர்கள். புளியை எடுத்துக்கொண்டு கொட்டையை ஒதுக்குகிறோம். அக்கொட்டையை வறுத்து அரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கும். நூலுக்குக் கஞ்சி போடவும், சுவரொட்டி ஒட்டவும் அது பயன்பட்டு வந்தது. அப்பசையின் உட்பொருள், கண்ணீரில் இயல்பாக உள்ள சளிப்பொருளை அமைப்பில் ஒத்திருப்பதால், கண்ணின் மேற்பரப்போடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. இத்தாலி நாட்டுப் பீசா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கண் மருந்தில் சேர்த்து ஆராய்ந்தனர். அப்பொருளிலுள்ள ஒருவகைச் சர்க்கரையின் ஒரு பகுதியை நீக்கிவிட்டால் அது உடல் வெப்பத்தில் கூழாகும் என்பதைக் கொண்டு, ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பைலோகார்ப்பின் கலந்த துளியைச் செய்து 2001-இல் வெளியிட்டனர். நாம் தூக்கி எறியும் புளியங்கொட்டையை, கடல் கடந்தவர்கள் கண்ணுக்கு மருந்தாக்கப் பார்த்தார்கள்!

நம் அண்மையிலும் இவ்வாராய்ச்சிக்கு இடமில்லாமல் இல்லை. சித்தூரில் மருந்தியல் கல்லூரி உண்டு. திருப்பதியில் 1983-இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறை உண்டு. சுற்றுப்புறத்திலும் இத்தகைய கல்லூரிகள் உண்டு. கண்ணுக்கான கூழ்த்துளி, நம் நாட்டு மருந்தியல் முதுநிலை மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. அவர்கள் செய்யும் வேலையைக் கேளுங்கள். 100 கிராம் நீருக்குச் சமையலுப்பு 0.67 கிராம், சோடா உப்பு 0.2 கிராம், சுண்ண உப்பு சிறிதளவு சேர்த்துச் செயற்கைக் கண்ணீர் செய்கிறார்கள். அதில் துளியை விட்டு, அது இறுகுகிறதா, எத்தனை மணி நேரம் கரையாமல் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் வைத்துத் தெளிவைச் சோதிக்கிறார்கள். இறைச்சிக் கடையில் பெற்ற ஆட்டுக் கண்ணின் கருவிழிப் படலத்தை ஒரு கண்ணாடிக் கருவியில் பொருத்தி, அதன் வழியே மணிக்கு எவ்வளவு மருந்து ஊடுருவுகிறது என்று அளக்கிறார்கள். முற்காலத்தில் எரிச்சலைக் கண்டறிய முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்கள். 1944-இல் டிரெய்ஸ் என்பவர் வகுத்த முறை அது. இப்போது அடைகாத்த கோழி முட்டையின் உட்சவ்வில் விட்டு, அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு.

இவ்வேலையில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணின் மேற்பரப்பு ஏறத்தாழ 34 பாகை வெப்பமுள்ளது. அந்த வெப்பத்தில் இறுகும்படி செய்த துளி, குளிர்நாட்டில் குப்பிக்குள் நீராகவே இருக்கும். திருப்பதியின் சித்திரை வெயிலில் வெப்பம் 40 பாகையைக் கடக்கிறதே! குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அத்துளி கண்ணைச் சேருமுன் குப்பியிலேயே கூழாகிவிடும். ஆகவே நம்மைப் போன்ற வெப்ப நாட்டாருக்கு, வெப்பத்தை நம்பாமல் கண்ணீரின் உப்பை நம்பும் மருந்தே பொருத்தம் என்பது என் கருத்து. எந்த நாட்டு மருந்தும் அந்த நாட்டு வெயிலையும் வீட்டையும் அறிந்து செய்யப்பட வேண்டும். அதற்காகவே நம் பிள்ளைகள் நம் ஊரிலேயே இவ்வாராய்ச்சியைச் செய்வது தேவையாகிறது.

இனி, ஆய்வேட்டுக்கும் மருந்துக் கடைக்கும் இடையே உள்ள தூரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண் மருந்தில் ஒரு கிருமியும் இருத்தலாகாது. தடித்த கூழ் கிருமி வடிகட்டியின் நுண்துளைகளில் எளிதில் புகாது. 121 பாகைச் சூட்டில் வேகவைத்தாலோ சில கூழ்களின் தன்மை மாறிவிடும். தூய்மை தவறினால் வரும் கேடு சிறிதன்று. இந்தியாவில் செய்து அமெரிக்காவில் விற்ற ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தோடு அந்நாட்டு நலத்துறையினர் தொடர்புபடுத்திய கிருமித் தொற்று, 2023-இல் 81 பேர் வரை பரவியதாகக் கணக்கிடப்பட்டது. 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் உயிரிழந்தனர். தூய்மையோடு வேறு குறைகளும் உண்டு. கூழ்த்துளி சில நிமிடம் பார்வையை மங்கச் செய்யும், இமையில் பிசுபிசுக்கும். மேலும், 2019-இல் வந்த நம் நாட்டுப் புதுமருந்து விதிகளின்படி, பழைய மருந்தேயாயினும் மெல்ல விடும் வடிவுக்கு மாற்றினால் அது புதுமருந்தாகவே கருதப்படும். அதற்குரிய அனுமதி பெற வேண்டும். இது மக்களைக் காக்கும் விதி, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதற்குரிய பொருளும் கூடமும் ஒரு கல்லூரி மாணவியிடம் எவ்வாறு இருக்கும்? பட்டம் பெற்றவுடன் ஆய்வேடு நூலக அலமாரியில் ஏறிவிடுகிறது. நாட்டாமைசினைக் கூழ்த்துளியாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன; அவையும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

இந்தத் தூரம் கடக்க முடியாததன்று. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைக்கு வேண்டிய செயற்கை வில்லை வெளிநாட்டில் பெருவிலைக்கு விற்றதைக் கண்டு, 1992-இல் அரோலேப் என்னும் கூடத்தை ஏற்படுத்தித் தானே வில்லை செய்யத் தொடங்கியது. விலை மிகச் சிறு பங்காகக் குறைந்தது. இன்று அக்கூடம் கண் மருந்துகளையும் செய்கிறது. மருத்துவமனை, ஆய்வுக்கூடம், தொழிற்கூடம் மூன்றும் ஒரு கூரையின்கீழ்க் கை கோத்ததே அதன் வெற்றி. இப்போது திருப்பதியிலும் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது. மருந்தியல் கல்லூரிகளும் இங்கே இருக்கின்றன. இவ்விரண்டும் நெருங்கினால் அலமாரியில் உறங்கும் ஏடுகளுள் ஒன்றிரண்டாவது விழித்தெழும். மருந்தியல் பயிலும் நம் பிள்ளைகள், தம் ஆய்வைத் தொடங்குமுன் ஒரு நாளேனும் கண் மருத்துவமனையில் அமர்ந்து, மணிக்கு ஒரு முறை மருந்து விடும் குடும்பத்தைக் கண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல கூழ்த்துளி வரும்வரை, கையில் உள்ள மருந்தைத் தங்க வைக்கும் வழிகளைத் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு, கீழிமையைச் சற்று இழுத்து, ஒரே ஒரு துளி விடுங்கள். இரண்டாவது துளி வழிந்தோடவே பயன்படும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கின் ஓரத்தில் கண்ணின் மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். துளை அடைபட்டு மருந்து கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து விட வேண்டுமாயின் இடையே ஐந்து நிமிடமாவது விடுங்கள். அவற்றுள் கூழாகும் மருந்து இருந்தால் மற்றவற்றுக்குப் பத்து நிமிடம் கழித்து அதனைக் கடைசியில் விடுங்கள். குப்பியின் நுனி இமையில் படலாகாது. திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கண் சிவந்தது என்று கடையில் தாமே வாங்கி விடும் ஸ்டீராய்டு மருந்து, பூஞ்சைப் புண்ணுக்கு நெய் வார்த்தது போலாகும். புண்பட்ட கண்ணில் தாய்ப்பாலும் இலைச்சாறும் விடுவதும் ஆகாது. அக்கால வேடர்க்கு வேறு வழியில்லை. நமக்கு மருத்துவமனை இருக்கிறது.

இறுதியாக, இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மருந்து கண்ணில் தங்கும் காலம் வரும்வரை, மனிதர்தாம் கண்ணருகே தங்க வேண்டியிருக்கிறது. நம் காலனியில் தெருவுக்கு இருவராக இளைஞர்கள் பெயர் கொடுத்து, தனித்திருக்கும் முதியோர்க்கும், கண் அறுவை முடிந்து வந்தவர்க்கும், நம் வீடுகளில் வேலை செய்வோர் வீட்டில் எவரேனும் கண் புண்ணால் துன்புற்றால் அவர்க்கும், முறை வைத்து மருந்து விட்டு வரலாம். இதற்குப் பணம் வேண்டா. கழுவிய கையும் கடிகாரமும் போதும். செயற்குழுவினர் இம்மாதக் கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொண்டு ஒரு பட்டியல் வகுப்பார்களாயின், அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை பேருக்கு, எத்தனை முறை மருந்து விட்டோம் என்னும் கணக்கை இம்மேடையில் படிக்கலாம். பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அவர்களை வேண்டுகிறேன்.